லொங் வந்தாயிற்று, இனி ஷூ: பேராசையைச் சொல்லும் நான்கு சீன எழுத்துகள்

பேராசையைச் சொல்லச் சீன மொழியில் தொடர்கள் ஏராளம். அதில் ஒன்றுக்கு நான்கே எழுத்து: தே லொங் வாங் ஷூ. 'தே' என்றால் பெறுதல். 'வாங்' என்றால் தொலைவில் இருப்பதை ஏறிட்டுப் பார்த்தல். லொங், ஷூ இரண்டும் நிலப்பகுதிகளின் பெயர்கள். சேர்த்துப் படித்தால் 'லொங் கைக்கு வந்ததும் ஷூவின் மேல் கண்' என்று வரும். அகராதியில் 'கிடைத்தது போதாமல் மேலும் மேலும் ஆசைப்படுதல்' என்று ஒரே வரியில் பொருள் முடிந்துவிடுகிறது. ஆனால் இந்தத் தொடர் பிறந்த கடிதத்தில் யாரும் யாரையும் பேராசைக்காரன் என்று ஏசவில்லை. எழுதியவர் ஒரு பேரரசர். தன்னையே குத்திக்காட்டிக்கொண்டு, அதே மூச்சில் படையை ஷூவுக்குக் கிளம்பச் சொல்கிறார். பழமொழி ஆவதற்கு முன்னால் அது ஒரு போர் ஆணை.

முதலில் இரண்டு ஊர்ப்பக்கங்களும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிடலாம். அது தெரியாவிட்டால் தொடர் பாதிதான் புரியும். லொங் என்பது இன்றைய கான்சு மாகாணத்தின் கிழக்குப் பகுதி. லொங் மலைத்தொடருக்கு அப்பால், தியென்ஷுய் நகரைச் சுற்றிக் கிடக்கும் மேட்டு நிலம். மலைக்கு இந்தப் பக்கம் வெய் ஆற்றுப் படுகையில் பழைய தலைநகர் சாங்கான், அதாவது இன்றைய ஷியான் நகரம். லொங்கில் இருப்பவன் படையோடு மலையிறங்கினால் நேரே சாங்கானின் வாசலுக்கு வந்துவிடுவான்.

ஷூ தெற்கே இருக்கிறது. செங்து சமவெளியை நடுவில் வைத்த சிச்சுவான். வடக்கே சின்லிங், தாபா என்று இரண்டு மலைத்தொடர்கள் அடுத்தடுத்து மறிக்கின்றன. அந்தக் காலத்தில் உள்ளே போக இருந்த வழி, செங்குத்தான பாறையில் துளை போட்டு, மரத்தைச் செருகி, மேலே பலகை விரித்த பாதை. கழற்றிவிட்டாலோ கொளுத்திவிட்டாலோ வழியே இல்லை. மற்றொரு வழி யாங்சி ஆற்றின் பள்ளத்தாக்கில் நீரோட்டத்தை எதிர்த்துப் படகில் ஏறிப் போவது. உள்ளே போய்விட்டால் பஞ்சமில்லை. கி.மு. 256 வாக்கில் லீ பிங் தொடங்கிய துஜியாங்யான் பாசனம் அந்தச் சமவெளியை நெற்களஞ்சியமாக்கியிருந்தது. உப்பு, இரும்பு, பட்டு எல்லாம் அங்கேயே கிடைக்கும். பூட்டிய களஞ்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லொங்கிலிருந்து தெற்கே போகும் பாதைகள் அந்தக் களஞ்சியத்தின் பின்கதவு. ஆகவே லொங்கைப் பிடித்த ஒரு படைத்தலைவன் அடுத்து ஷூவைப் பார்ப்பதில் வியப்பில்லை. வழியே அங்கேதான் போகிறது.

கடிதம் எழுதியவர் லியூ ஷியூ, வரலாற்றில் பேரரசர் குவாங்வூ. ஹான் அரியணையைப் பறித்திருந்த வாங் மாங்கின் ஆட்சி கி.பி. 23இல் கவிழ்ந்து நாடு துண்டுதுண்டானபோது, 25இல் முடிசூடி லுவோயாங் நகரைத் தலைநகராக்கிக் கிழக்கு ஹான் வம்சத்தைத் தொடங்கியவர். அதே 25இல் செங்துவில் குங்சுன் ஷூ என்பவரும் தன்னைப் பேரரசர் என்று அறிவித்துக்கொண்டார். (இந்த ஆளின் பெயரில் வரும் 'ஷூ' வேறு எழுத்து, வேறு தொனி, நாட்டின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) லொங்கில் வெய் ஷியாவ் என்ற தலைவர் ஆண்டார். பெயருக்கு லுவோயாங்குக்கு அடங்கியவர். மகனைப் பிணையாகவும் அனுப்பியிருந்தார். ஆனால் மனம் ஒட்டவில்லை. அவருடைய தளபதி ஒருவர், "ஒரு களிமண் உருண்டை போதும், ஹாங்கு கணவாயை அடைத்துத் தருகிறேன்" என்று தூண்டிவிட்டுக்கொண்டிருந்தார். லுவோயாங்குக்கும் சாங்கானுக்கும் நடுவில் இருக்கும் கணவாய் அது.

இந்த இரண்டு பேர் மேலும் குவாங்வூவுக்குத் தொடக்கத்தில் அவ்வளவு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. கி.பி. 30இல், கிழக்கே எல்லாம் அடங்கிய பிறகு, போர் செய்து சலித்துப்போய்த் தளபதிகளிடம் அவர் சொன்னது: "இப்போதைக்கு இந்த இரண்டு பயல்களையும் கணக்குக்கு வெளியே வைத்துவிடுவோம்." அந்த வாக்கியமும் தனியாக ஒரு மரபுத்தொடராகி இன்றும் புழங்குகிறது, ஒன்றைப் பொருட்படுத்தாமல் ஒதுக்கிவைப்பதற்குச் சொல்வார்கள். லொங்கையும் ஷூவையும் கணக்கிலிருந்தே தள்ளிவைத்த அதே வாயிலிருந்து இரண்டு ஆண்டில் 'லொங் முடிந்தது, அடுத்து ஷூ' வந்தது என்பதை அகராதிகள் சொல்வதில்லை.

இடையில் நடந்தது இது. வெய் ஷியாவ் வெளிப்படையாகவே கலகத்தில் இறங்கி, செங்துவோடு சேர்ந்துகொண்டார். 32இன் தொடக்கத்தில் லாய் ஷி என்ற தளபதி சுமார் 2,000 பேரோடு காட்டை வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு, லொங்கின் நடுவில் இருந்த லுவேயாங் கோட்டையைப் (தலைநகர் லுவோயாங் அல்ல) பிடித்தார். வெய் ஷியாவ் பெரும்படையோடு வந்து மாதக்கணக்கில் அதை முற்றுகையிட்டும் மீட்க முடியவில்லை. உள்ளே அம்பு தீர்ந்ததும் வீடுகளை இடித்து அந்த மரத்தில் ஆயுதம் செய்தார்கள். லாய் ஷியைக் காக்கப் பேரரசரே படையோடு கிளம்பினார். மலைக்குள் மேலும் போவதா வேண்டாமா என்று தளபதிகள் தயங்கிய இடத்தில் மா யுவான் என்பவர் வருகிறார். வெய் ஷியாவிடம் முன்பு வேலை பார்த்தவர். செங்துவுக்கும் நேரில் போய்வந்து, குங்சுன் ஷூவைக் 'கிணற்றுத் தவளை' என்று சொன்னவரும் இவரே. நாம் சொல்லும் அதே தவளைதான், அதே பொருளில். மா யுவான் அரிசியைக் கொண்டுவரச் சொல்லி, பேரரசர் முன்னால் தரையில் குவித்தார். இந்தக் குவியல் மலை, இந்தப் பள்ளம் ஆறு, படை இந்த வழியாகப் போய் இந்த வழியாகத் திரும்பலாம் என்று அரிசியிலேயே காட்டினார். "பகைவன் என் கண்ணுக்குள் இருக்கிறான்" என்றார் பேரரசர். மறுநாள் காலையில் படை நகர்ந்தது.

பலன் உடனே தெரிந்தது. வெய் ஷியாவின் தளபதிகள் 13 பேர், 16 மாவட்டங்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் சரணடைந்தார்கள். வெய் ஷியாவ் மனைவி மக்களோடு ஷிசெங் கோட்டைக்குள் ஓடி ஒளிந்தார். அவருக்கு உதவ வந்திருந்த செங்துப் படை ஷாங்குய் கோட்டைக்குள் இருந்தது. மிச்சம் இரண்டே கோட்டை. அந்த நேரம் பார்த்துக் கிழக்கே, தலைநகருக்குப் பக்கத்தில், கலகம் வெடித்த செய்தி வந்தது. பேரரசர் இரவு பகலாகக் குதிரையோட்டித் திரும்பினார். கிளம்பியவர், ஷிசெங்கை வளைத்திருந்த தளபதி சென் பெங்குக்கு அனுப்பிய கடிதம் இதுதான்:

"இரண்டு கோட்டைகளும் விழுந்தால், உடனே படையைத் தெற்கே நடத்தி ஷூப் பகைவரைத் தாக்கு. போதும் என்று அறியாததுதான் மனிதனுக்குத் துன்பம். லொங்கை அடக்கியாயிற்று, மறுபடி ஷூவைப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறை படையை அனுப்பும்போதும் தலையும் கிருதாவும் நரைக்கின்றன."

எழுதியவருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. 'போதும் என்று அறிதல்' என்ற சொல் பழைய சீன ஞானி லாவோட்சு வழி வந்தது. படித்தவர்கள் எல்லோருக்கும் பாடம். பேரரசர் அந்த அறிவுரையை ஒப்புக்கொள்கிறார், பெருமூச்சு விடுகிறார், அதை மீறியும் விடுகிறார். கடிதத்தில் முதலில் வருவது ஆணை, பெருமூச்சு அதற்குப் பின்னால்தான். இதைப் படித்த சென் பெங் 'ஓ, மன்னர் ஆசையை அடக்கச் சொல்கிறார்' என்று ஒருபோதும் எண்ணியிருக்க மாட்டார்.

கடிதத்தில் ஒரு 'விழுந்தால்' இருக்கிறது. கோட்டைகள் விழவில்லை. சென் பெங் பள்ளத்தாக்கு நீரை அணைகட்டித் தேக்கி ஷிசெங் மேல் திருப்பினார். கோட்டை முழுக இன்னும் ஒரு ஜாங்குக்குச் சற்று அதிகம்தான் பாக்கி. நம் அளவில் இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் செங்துவிலிருந்து உதவிப்படை வந்து சேர்ந்தது. ஹான் படையிடமோ சோறு தீர்ந்திருந்தது. ஏன் தீர்ந்தது என்பதில்தான் சுவை. பேரரசர் இன்னொரு தளபதி வூ ஹானிடம் (ஊர் இல்லை, ஆள்) முன்பே சொல்லியிருந்தார்: வெளி மாவட்டங்களிலிருந்து திரட்டிய ஆட்கள் உட்கார்ந்து தின்கிறார்கள், ஓடிப்போனால் மற்றவர் மனமும் உடையும், எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பு. வூ ஹான் அனுப்பவில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்ற நினைப்பு. வரலாற்றாசிரியர் அந்த நினைப்புக்குப் போட்ட சொல் 'தான்', அதாவது பேராசை. பண்டம் நாளுக்கு நாள் குறைந்தது, ஆட்கள் களைத்து ஓடினார்கள், கடைசியில் மூட்டை முடிச்சைக் கொளுத்திவிட்டுப் பின்வாங்க வேண்டியதாயிற்று. சென் பெங் பின்வரிசையில் நின்று பகைவரைத் தடுத்ததால் மற்றவர்கள் உயிரோடு வந்தார்கள். ஆக, இந்தப் படையெடுப்பில் 'பேராசை' என்ற எழுத்து எழுதப்பட்டிருப்பது ஷூவைக் குறிவைத்ததற்காக அல்ல, கூடுதல் ஆளை வைத்துச் சோறு போட்டதற்காக. இரண்டும் ஃபான் யே 5ஆம் நூற்றாண்டில் தொகுத்த பிற்கால ஹான் வரலாற்றில் தனித்தனி அதிகாரங்களில் கிடக்கின்றன. சேர்த்துப் படித்தால்தான் கண்ணில் படும்.

மீதி வேகமாக நடந்தது. 33இல் வெய் ஷியாவ் நோயிலும் பசியிலும் இறந்தார். 34இல் மகன் சரணடைந்ததோடு லொங் முழுசாக அடங்கியது. 35இல் சென் பெங் யாங்சி வழியாக ஏறினார். ஜிங்மென்னில் ஆற்றை அடைத்திருந்த மிதவைப் பாலத்தைத் தீயிட்டு உடைத்து, செங்துவின் தெற்கே வூயாங்கைப் பிடித்தார். சேதி கேட்ட குங்சுன் ஷூ கைத்தடியால் தரையை அடித்து, "இதென்ன, தெய்வமா?" என்றாராம். அன்று சென் பெங் பாளையம் இறங்கிய இடத்தின் பெயர் பெங்வாங். 'பெங் சாவான்' என்று காதில் விழும் பெயர். இடம் மாற்ற நினைத்தார், பொழுது சாய்ந்துவிட்டது. தப்பியோடி வந்த அடிமை என்று சொல்லி உள்ளே நுழைந்த கொலையாளி அன்றிரவே அவரைக் குத்திக் கொன்றான். 'ஷூவைப் பார்' என்ற கடிதம் யாருக்கு வந்ததோ அவர் செங்துவைப் பார்க்கவில்லை.

36இல் செங்து விழுந்தது. குங்சுன் ஷூ காயத்தில் இறந்தார், நகரம் சரணடைந்தது. சரணடைந்த பிறகு வூ ஹான் படையை அவிழ்த்துவிட்டுக் கொள்ளையடிக்கவும் அரண்மனையைக் கொளுத்தவும் விட்டார். பேரரசர் கடிந்து எழுதிய கடிதமும் வரலாற்றில் இருக்கிறது: குழந்தைகள், கிழத்தாய்கள் என்று பல்லாயிரம் பேர், கேட்டால் மூக்கு எரிகிறது என்று. ஷூ கிடைத்துவிட்டது. விலை இது.

இந்தத் தொடர் இரண்டாவது முறை மேடைக்கு வருவது 215இல், ஹான் வம்சம் சரிந்துகொண்டிருந்த காலத்தில் வட சீனாவைக் கையில் வைத்திருந்த சாவ் சாவின் வாயில். அவர் சாங் லூவிடமிருந்து ஹான்சுங்கைப் பிடித்திருந்தார். ஹான்சுங் ஷூவின் வடக்கு வாசல். உள்ளே அவருடைய எதிரி லியூ பெய் அப்போதுதான் நாட்டைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். ஊர் இன்னும் அவருக்குப் பணியவில்லை. சாவ் சாவின் ஆலோசகர் சீமா யீ, இப்போதே இறங்குவோம் என்றார். சாவ் சாவ் மறுத்தார். அவர் சொன்னது பதிவில் இருக்கிறது: "மனிதனுக்குப் போதாமைதான் துன்பம். லொங் கிடைத்துவிட்டது, இனி ஷூவும் வேண்டுமா!" இன்னொரு ஆலோசகர் லியூ யேயும் அதையே வற்புறுத்தி, அதேபோல மறுக்கப்பட்டார். ஏழு நாள் கழித்து, ஷூவிலிருந்து தப்பி வந்தவர்கள், அங்கே ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை அல்ல, பல பத்துத் தடவை கிலி கிளம்புகிறது, லியூ பெய் ஆட்களின் தலையை வெட்டிப் பார்த்தும் அடங்கவில்லை என்றார்கள். சாவ் சாவ் லியூ யேயைக் கூப்பிட்டு, "இன்னும் அடிக்கலாமா?" என்று கேட்டார். "இப்போது கொஞ்சம் நிலைத்துவிட்டார்கள், கூடாது" என்றார் லியூ யே.

219இல் லியூ பெய் ஹான்சுங்கையே பறித்துக்கொண்டார். சாவ் சாவின் தளபதி ஷியாஹோவ் யுவான் திங்ஜுன் மலையில் மாண்டார். சாவ் சாவ் அங்கே போயும் மீட்க முடியாமல், 'கோழி விலா எலும்பு' என்று மட்டும் ஓர் ஆணை கொடுத்தார். தின்னக் கறி இல்லை, எறிய மனம் இல்லை. பாளையத்தில் யாங் ஷியூ ஒருவர் மட்டும் பொருள் புரிந்து மூட்டை கட்டத் தொடங்கினாராம். இதுவும் தொடராகிவிட்டது.

குவாங்வூ இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு மீறினார், ஷூவை வென்றார். சாவ் சாவ் அதே வாக்கியத்துக்குக் கட்டுப்பட்டு நின்றார், கையில் இருந்ததும் போயிற்று. சாவ் சாவ் செய்தது தவறு என்று ஒரே போடாகப் போடவும் முடியாது. அதே 215இல் கிழக்கே இன்னொரு எதிரி சுன் சுவான், சாவ் சாவின் ஹெஃபெய் கோட்டையைத் தாக்கினார். மலைக்குள் மேலும் போயிருந்தால் பின்னால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கணக்கு. ஆனால் அவர் அந்தக் கணக்கைச் சொல்லாமல் பழைய மன்னரின் பெருமூச்சைச் சொல்லித் தப்பித்துக்கொண்டார். அறநெறி வாக்கியத்தை முடிவுக்குக் காரணமாகக் காட்டுவது அரசவைகளில் எளிது.

எழுத்திலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. குவாங்வூவின் கடிதத்தில் லொங்கோடு வரும் வினை 'பிங்'. சமன்செய்தல், கலகத்தை அடக்குதல். கடமை தொனிக்கும் சொல். சாவ் சாவின் வாய்மொழியாகப் பதிவான வரியில் அது 'தே', பெறுதல் என்று ஆகிறது. பொருள் வாங்கிய கணக்கு. பிறகு 'ஏற்கெனவே', 'மறுபடியும்' என்ற இணைப்புச் சொற்கள் உதிர்ந்தன. 8ஆம் நூற்றாண்டில் கவிஞர் லீ பையின் வரியில் 'லொங் பெற்று மேலும் ஷூ பார்த்தல்' என்று ஐந்து எழுத்தில் நிற்கிறது. அந்த 'மேலும்' போனால் இன்றைய நான்கு. அடக்குதல் பெறுதலான அந்த ஓர் எழுத்தில்தான் பேராசை உள்ளே நுழைந்தது என்பது என் கணிப்பு.

இதை எங்கே பயன்படுத்துவது? ஒன்று கிடைத்த கையோடு அதைவிடப் பெரிய, வேறொன்றின் மேல் கண் போகும்போது. பதவி உயர்வு வந்த வாரமே அடுத்த நாற்காலியைப் பற்றிப் பேசுபவருக்குப் பொருந்தும். படி வேண்டும், முதலாவது கிடைத்திருக்க வேண்டும். ஒன்றுமே கையில் இல்லாமல் எல்லாவற்றுக்கும் ஏங்குபவரை இந்தத் தொடரால் சொல்ல முடியாது. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டால் தன்னடக்கம். நண்பனிடம் சொன்னால் கேலி. மேலதிகாரியின் முகத்துக்கு நேரே சொன்னால் வம்பு.

தமிழாக்கம் செய்பவர்கள் பலரும் 'இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்' என்பதை இங்கே போட்டுவிடுகிறார்கள். அது ஒட்டாது. நம் பழமொழியில் கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான், அவனுடைய இளக்காரத்தைப் பயன்படுத்துவது குற்றம். அதற்கு நேரான சீனத் தொடர் 'ஒரு சுன் கிடைத்தால் ஒரு சீ முன்னேறுகிறான்' என்பது. பத்து சுன் ஒரு சீ. லொங்–ஷூ தொடரில் யாரும் எதையும் கொடுக்கவில்லை, உழைத்துப் பிடித்தது. அளவே இல்லாத வெறியைச் சொல்ல வேண்டுமானால் 'மனம் நிறையாது, பாம்பு யானையை விழுங்கும்' என்று இன்னொன்று இருக்கிறது. பா நாட்டுப் பாம்பு யானையைத் தின்று மூன்று ஆண்டு கழித்து எலும்பைக் கக்கும் என்ற பழங்கதையின் வால். தற்செயலோ என்னவோ, அந்தப் பா நாடும் ஷூவுக்குப் பக்கத்து நாடு.

எழுதும்போது நடக்கும் பிழை ஒன்று சிரிப்பை வரவழைக்கும். பார்த்தலைக் குறிக்கும் 'வாங்' எழுத்துக்கும் மறத்தலைக் குறிக்கும் 'வாங்' எழுத்துக்கும் ஒலியும் தொனியும் ஒன்றே. கணினியில் ஒலியைத் தட்டி எழுத்தைத் தேர்ந்தெடுப்பவர் அவசரத்தில் மற்றதைத் தட்டினால் 'லொங் கிடைத்ததும் ஷூவை மறந்தான்' என்று ஆகிவிடும். பேராசைக்காரன் ஒரே எழுத்தில் துறவியாகிறான்.

எனக்குப் பிடித்த பயன்பாடு போர்க்களத்தில் இல்லை, 18ஆம் நூற்றாண்டு நாவலான சிவப்பு மாளிகைக் கனவின் 48ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஷியாங்லிங் சிறுவயதில் கடத்தி விற்கப்பட்டு, இப்போது நாவலின் நாயகிகளில் ஒருத்தியான பாவ்சாயின் அண்ணனுக்குத் துணைவியாக இருப்பவள். அண்ணன் ஊருக்குப் போன நேரத்தில் பாவ்சாய் அவளைத் தோட்ட மாளிகைக்குள் தன்னோடு தங்க அழைத்துக்கொள்கிறாள். உள்ளே வந்த அன்றே ஷியாங்லிங், "எனக்குக் கவிதை எழுதக் கற்றுக்கொடுங்கள்" என்று கேட்கிறாள். பாவ்சாய் சிரித்துக்கொண்டே, "நீ லொங் கிடைத்ததும் ஷூவைப் பார்க்கிறாய்" என்கிறாள். முதலில் பாட்டியம்மாவில் தொடங்கி எல்லார் வீட்டுக்கும் போய்த் தலைகாட்டிவிட்டு வா என்று அனுப்புகிறாள். ஷியாங்லிங் போகிறாள், வருகிறாள், அன்று மாலையே இன்னொரு நாயகியான லின் தாய்யூவிடம் போய் அதையே கேட்கிறாள். தாய்யூ ஒப்புக்கொள்கிறாள். நிலவைப் பற்றி எழுதிய முதல் கவிதை தேறவில்லை, இரண்டாவதும் தேறவில்லை. மூன்றாவதை அவள் தூக்கத்தில், கனவில், எட்டு வரியாக எழுதி முடிக்கிறாள்.